அண்டைக்கு நீ சார்செலிலை நிண்டனி

சார்செல்
14.09.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

மிருணா எழுதுறன். எனக்கு உடம்புக்கு ஒண்டுமில்லை. சின்னம்மாவும் சித்தப்பாவும் சுகம். உங்கடை முழங்கால் நோ எப்பிடி? போன கடிதத்திலை அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதாமல் விட்டபடியாலைதான் எனக்குப் பயமாக் கிடக்கு.

பள்ளிக்கூடம் துவங்கீற்றுது. கடைசி வருஷம், யூனிலை சோதினை. சின்னம்மா வீட்டுக்கு மாறினாலும் நான் மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கத்துப் பழைய பள்ளிக்கூடத்தை விடேல்லை. இஞ்சை சார்செலிலை இருந்து காலமை ஆர்ஈஆர் ரெயினிலை நிண்டுகொண்டே போறன். எங்கடை பழைய வீட்டு யன்னலிலை இப்ப ஆரோ சிவப்புச் சீலை போட்டிருக்கினம். நான் அந்த ரோட்டாலை போறதில்லை. ஒருநாள் மறந்துபோய்ப் போயிட்டன்.

இந்த வருஷம் எங்களுக்கு ஒரு பாடம் முழுக்க அமெரிக்க இலக்கியம். மதாம் ஜெனவியேவ் எண்டு ஒரு ரீச்சர். காது கொஞ்சம் மந்தம், எல்லாரும் பலத்துக் கதைக்கவேணும். முதல் நாளே சொல்லிப்போட்டா: "யூன் மாதம் இந்த வருஷத்தைத் திரும்பிப் பார்ப்பம். ஒவ்வொருத்தரும் எழும்பி, படிச்சதிலை எது உங்களை விடாமல் பிடிச்சதெண்டு சொல்லவேணும். வடிவாச் சொல்லத் தேவையில்லை. உண்மையாச் சொன்னால் காணும்."

முதல் படிக்கிறது, கப்பலிலை போய் இறங்கின வெள்ளைக்காரர் எழுதி வைச்ச நாட்குறிப்புகள். முதல் மாரிக் குளிரிலை பாதிப் பேர் செத்துப்போச்சினம். இண்டைக்கு ஆர் செத்தது, எவ்வளவு சோளம் மிச்சம், கடவுள் பெரியவர். இவ்வளவுதான் திரும்பத் திரும்ப. எனக்கு நித்திரை வந்தது.

நீங்கள் சிறைக்குப் போய் ஒண்டரை வருஷம். பார்க்க வரவேண்டாம் எண்டியள். ரெலிபோனிலை கதைச்சால் ரெண்டு பேரும் அழுவம், அதுவும் வேண்டாம் எண்டியள். கடிதம் ஒண்டுதான் மிச்சம். அதையும் ஆரோ மொழிபெயர்த்து, நீதிபதி வாசிச்ச பிறகுதான் உங்கடை கைக்கு வருமாம். அப்ப அப்பா செத்த கதையை எழுதேலாது. அமெரிக்காவின்ரை கதையை எழுதலாம்தானே? ஒவ்வொண்டாச் சொல்லுறன். இதை மொழிபெயர்க்கிறவருக்கும் என்ரை வணக்கம்.

குளிசையை மறக்காமல் போடுங்கோ.
உங்கடை மிருணா


06.10.2024

என்ரை செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுறது. உன்ரை கடிதம் மூண்டு கிழமை சுத்தித்தான் வந்தது. முழங்கால் அப்பிடியேதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இஞ்சை தையல் வேலை தந்திருக்கினம், கட்டில் விரிப்புக்கு ஓரம் அடிக்கிறது. லா சப்பல் தமிழ்க் கடையளுக்குக் கலியாணப் பிளவுஸ் தைச்ச கைக்கு இதுவும் ஒரு வேலையே? எண்டாலும் மெசினின்ரை சத்தம் கேட்டால் மனம் கொஞ்சம் அடங்கும்.

மொழிபெயர்க்கிறவருக்கு வணக்கம் எண்டெல்லாம் எழுதாதை. அவரும் எங்கடை ஆளாத்தான் இருப்பார். லா சப்பலிலை மரக்கறி வாங்குற ஆளா இருப்பார். வாசிச்சதைக் கொண்டுபோய் எந்தக் கடை வாசலிலை நிண்டு கதைப்பாரோ ஆருக்குத் தெரியும். யோசிச்சு எழுது.

கப்பல்காரரின்ரை கதை வாசிச்சன். பாவம்தான். அந்த நாட்டிலை முன்னமே இருந்த சனம் எங்கை, அதுகளின்ரை கதையும் உங்கடை வகுப்பிலை வருமோ?

சின்னம்மாவுக்கு ஒத்தாசையா இரு. சாப்பிட்ட கோப்பையை நீயே கழுவு. சித்தப்பாவுக்கு முன்னாலை ரெலிபோன் நோண்டாதை. அடுத்தவை வீட்டிலை இருக்கிறம் எண்ட நினைப்பு வேணும்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.
அம்மா


சார்செல்
17.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்குத் தடிமன், பயப்பிடாதேங்கோ, மாறிக்கொண்டு வருது. சின்னம்மா மல்லி அவிச்சுத் தாறா. முன்னமே இருந்த சனத்தின்ரை கதையைப் பற்றி ரீச்சரிட்டைக் கேட்டன். அது தை மாதம் வருதாம்.

இப்ப ஒரு அடிமைப் பெண் எழுதின வாழ்க்கைக் கதை படிக்கிறம். எசமான் வீட்டிலை இருந்து தப்பி, கன வருஷம் ஒளிச்சிருந்து, வடக்கை வந்து எழுதப் பழகி, தன்ரை கதையைத் தானே எழுதினவ. அம்மா, இதிலை எனக்கு நித்திரை வரேல்லை. ஆனால் முக்கியமான இடத்துக்கு வரேக்குள்ளை எல்லாம் அவ நிப்பாட்டிப்போடுறா. எந்த வீட்டிலை ஒளிச்சவ, ஆர் சோறு கொண்டுவந்து தந்தது, எந்த ரோட்டாலை போனவ, "இதை நான் சொல்லமாட்டன்" எண்டு எழுதிப்போட்டு அடுத்த பக்கம்.

எனக்குப் பக்கத்திலை இருக்கிற மெலானி, "அப்ப ஏன் எழுதினவ? பாதியைச் சொல்லுறதும் பொய்தான்" எண்டு கத்தினாள். ரீச்சர் என்னைப் பார்த்து, நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டா. நான் அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசிக்கத் துவங்கினன். எனக்கும் அந்தப் பெண்ணிலை கோவம்தான்.

அம்மா, ஒருத்தரைக் காப்பாத்துறதுக்கு மறைச்சாலும் அது பொய்தானே? அண்டைக்கு நான்

சரி, விடுறன்.

உடுப்புப் பாசல் கிடைச்சதோ எண்டு எழுதுங்கோ. கம்பளிக் காலுறை ரெண்டு சோடி வைச்சனான்.
உங்கடை மிருணா


12.12.2024

மகள் மிருணாளினிக்கு,

அம்மா எழுதுறது. நான் சுகம். காலுறை கிடைச்சது. உன்ரை தடிமன் இப்ப மாறியிருக்கும் எண்டு நினைக்கிறன்.

அந்த அடிமைப் பொம்பிளை செய்தது சரி. அவள் சொல்லியிருந்தால் அவளுக்குச் சோறு குடுத்த ஆக்களைக் கொண்டுபோய்க் கட்டியிருப்பாங்கள். தன்ரை கதைதானே எண்டு எல்லாத்தையும் கொட்டேலாது. உன்ரை சிநேகிதிக்குப் பதினேழு வயசு, அவளுக்கு விளங்காது.

இன்னொண்டு. அண்டைக்கு நீ சார்செலிலை நிண்டனி. ஞாயிற்றுக்கிழமை காலமை தொடக்கம் துஷாந்திச் சின்னம்மா வீட்டிலை நிண்டனி. அப்பா படியாலை விழேக்குள்ளை நீ வீட்டிலை இல்லை. என்ன நடந்தது எண்டு தெரிஞ்ச ஆள் நான் மட்டும்தான். நான் தள்ளினன், அதைப் பொலிசிலையும் சொல்லிப்போட்டன், நீதிபதியிட்டையும் சொல்லிப்போட்டன். இதை நான் திருப்பித் திருப்பி எழுதவேண்டாம்.

நத்தார் லீவிலை படி. வெளியிலை திரியாதை.
அம்மா


சார்செல்
19.01.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமா இருக்கிறியளோ? பொங்கலுக்குச் சின்னம்மா புக்கை பொங்கினவா. உங்களுக்கு அண்டைக்கு என்ன சாப்பாடு தந்தினம் எண்டு யோசிச்சுக்கொண்டு சாப்பிட்டன்.

உங்கடை வக்கீல் மதாம் மர்கரீத் என்னைக் கூப்பிட்டவா. வழக்கு மே மாதமாம். உங்களைப் பற்றி நல்லாச் சொல்ல ஒரு ஆள் வேணுமாம். "உன்ரை அம்மா வீட்டிலை எப்பிடி இருந்தவ, உன்னை எப்பிடி வளர்த்தவ எண்டு மட்டும் வந்து சொல்லு" எண்டா. அப்பா குடிக்கிறவரோ, அடிக்கிறவரோ எண்டு கேட்டதுக்கு நீங்கள் ரெண்டு வருஷமா வாய் திறக்கேல்லையாம். மேசையிலை கையை வைச்சுக்கொண்டு, "என்னாலை ஒரு கல்லுக்காக வாதாடேலாது" எண்டு சொன்னா.

பொங்கல் சாமான் வாங்கச் சின்னம்மாவோடை லா சப்பலுக்குப் போனனான். பெரியப்பா தன்ரை ரெலிபோன் கடை வாசலிலை நிண்டவர். எங்களைக் கண்ட உடனை, மெற்றோ மேலாலை போற சத்தத்தையும் விடப் பலத்து, "என்ரை தம்பியைப் படியாலை தள்ளிக் கொலை செய்தவளின்ரை பிள்ளை போகுது, பாருங்கோ" எண்டார். சனம் பார்த்தது. சின்னம்மா என்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திட்டா. கரும்பு வாங்கேல்லை.

வகுப்பிலை இப்ப ஒரு நெடுங்கதை. ஒருத்தன் பெண்சாதி பிள்ளையளை ஒரு குடிசையிலை விட்டிட்டு, மாட்டு மந்தையைச் சாய்ச்சுக்கொண்டு மூண்டு வருஷம் போறான். வெட்ட வெளி, நெருப்பு மூட்டிப் படுக்கிறது, நட்சத்திரம். எல்லாரும் சுதந்திரத்தைப் பற்றின கதை எண்டினம். உங்களுக்கு எப்பிடிப் படுது?

நான் சாட்சிக்குப் போகட்டோ அம்மா?
உங்கடை மிருணா


09.02.2025

மகளுக்கு,

அம்மா எழுதுறது. உடம்பு பரவாயில்லை. பெரியப்பா சொல்லுறதைக் காதிலை போடாதை. தம்பியைப் பறிகுடுத்த மனிசன். லா சப்பலுக்கு இனிப் போகாதை, சாமான் சார்செலிலையும் இருக்கு.

அந்த மாட்டுக்காரனின்ரை கதை. அவன் மூண்டு வருஷம் நட்சத்திரம் பார்க்க, குடிசையிலை விறகு கொத்தினது ஆர், பிள்ளையளுக்குக் காய்ச்சல் வரேக்குள்ளை இருந்தது ஆர் எண்டு எழுதியிருக்கோ? அவன் வரேக்குள்ளை அவள் கதவைத் திறந்திருப்பாள். அதையும் சுதந்திரம் எண்டு எழுதியிருப்பினம்.

சாட்சிக்கு வாறது எண்டால் வா. ஆனால் வக்கீல் கேட்டதுக்கு மட்டும் பதில். அம்மா சமைச்சவ, அம்மா தைச்சவ, என்னைப் படிப்பிச்சவ. அதுக்கு மேலை ஒரு சொல்லும் இல்லை. உனக்கு ஒரு வாழ்க்கை கிடக்கு. நாளைக்கு ஒரு இடத்திலை போய் நிக்கேக்குள்ளை, இவளாலைதான் தகப்பன் செத்தவன் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. துஷாந்தியையும் யோசி. அவையின்ரை பிரஜாவுரிமைப் பேப்பர் போய்க்கொண்டிருக்கு. நீ தங்களோடை நிண்டதெண்டு பொலிசிலை சொன்னது அவை.

விளங்கிச்சுதோ? அதுதான் வேணும்.
அம்மா


சார்செல்
16.03.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். வெய்யில் எறிக்கத் துவங்கீற்றுது. உங்கடை யன்னலாலை வெய்யில் வருமோ?

இந்த மாதம் ஒரு நாடகம். ஒரு வீடு, சாப்பாட்டு மேசை, தாய் தகப்பன் ரெண்டு பிள்ளையள். தகப்பன் குடிக்கிறது எல்லாருக்கும் தெரியும். மூண்டு அங்கத்திலையும் ஒருத்தரும் அந்தச் சொல்லைச் சொல்லேல்லை. தாய், "அப்பா களைச்சுப்போய் வாறார்" எண்டுவா. மகள் ரேடியோவைக் கூட்டி வைப்பாள். உடைஞ்ச கோப்பையை எடுத்துக்கொண்டே தாய் காலநிலையைப் பற்றிக் கதைப்பா.

ரீச்சர் எங்களைக் கொண்டு வாசிப்பிச்சவா. எனக்குத் தாயின்ரை பாகம். "இண்டைக்கு மழை வரும்போலை கிடக்கு" எண்டு வாசிக்கவேணும். ரீச்சருக்குக் கேக்கேல்லை, பலத்து வாசி எண்டா. திரும்ப வாசிச்சன். என்ரை வாயிலை இருந்து உங்கடை குரல் வந்தது. நான் புத்தகத்தை மேசையிலை வைச்சிட்டு வெளியிலை போயிட்டன்.

நீங்கள் இந்த நாடகத்தைப் பற்றி என்ன நினைக்கிறியள் எண்டு கட்டாயம் எழுதுங்கோ. வேறை ஒண்டும் எழுதாட்டிலும் பரவாயில்லை.

காத்துக்கொண்டிருக்கிறன்.
உங்கடை மிருணா


27.04.2025

மகள் மிருணாளினிக்கு,

அம்மா எழுதுறது. நான் நல்ல சுகம். உன்ரை கடிதம் கிடைச்சது. வேலை கூட, அதாலை உடனை எழுதேலாமல் போச்சுது.

வழக்குக்கு வரேக்குள்ளை நீலக் கலர் சட்டை போடு. தலையை இழுத்துப் பின்னு. சப்பாத்தைத் துடை. நீதிபதியவை அஞ்சு பேராம், ஒருத்தரின்ரை முகத்தையும் பார்க்காமல் நேரை பார்த்துக் கதை. தண்ணி குடிச்சிட்டு வா.

கேட்டதுக்கு மட்டும் பதில்.

அம்மா


மெலானி வீடு
18.05.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம் எண்டு எழுதேலாது. நீங்களும் சுகம் எண்டு எழுதாதேங்கோ.

தீர்ப்பு முடிஞ்சு வீட்டை வர, சித்தப்பா என்ரை உடுப்புப் பையை வாசலிலை வைச்சார். "உனக்காகப் பொலிசிலை பொய் சொன்ன ஆக்கள் நாங்கள். ஊர் முழுக்க எங்களைக் கள்ளராக்கிப்போட்டாய்" எண்டார். அவர் சொன்னதிலை பிழை இல்லை. சின்னம்மா குசினிக்குள்ளை நிண்டு அழுதவா, வெளியிலை வரேல்லை. சோதினை முடியுமட்டும் இருக்கலாம் எண்டு மெலானியின்ரை அம்மா சொல்லியிருக்கிறா.

அம்மா, நான் அங்கை சொன்னது உங்களுக்கு முழுக்கக் கேட்டிருக்காது. நான் பிரெஞ்சிலை சொல்லச் சொல்ல, மொழிபெயர்க்கிற மனிசன் உங்கடை காதுக்குள்ளை தமிழிலை சொல்லிக்கொண்டு வந்தார். பாதியிலை நீங்கள் எழும்பிக் கண்ணாடிக் கூண்டிலை அடிச்சுக் கத்த, அவர் நிப்பாட்டிப்போட்டார். அதாலை மிச்சத்தை எழுதுறன். இனி ஆர் வாசிச்சாலும் எனக்கு ஒண்டுமில்லை.

நான் சொன்னது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடத்தாலை லண்டன் போற பயணத்துக்குத் தனக்குத் தெரியாமல் நீங்கள் கையெழுத்துப் போட்டதை அப்பா கண்டிட்டார். காலமை தொடக்கம் குடிச்சிருந்தவர். முதல் உங்களை அடிச்சார், எப்பவும் அடிக்கிற மாதிரி, முகத்திலை படாமல். பேந்து என்ரை தலைமயிரைக் கையிலை சுத்திப் பிடிச்சு, "இப்பவே உன்னைக் கொண்டுபோய் அண்ணையிட்டை விடுறன், நாளைக்கே நீ ஊருக்குப் போறாய்" எண்டு கதவாலை வெளியிலை இழுத்தார். படியிலை நான் விழுந்திட்டன். விழுந்தும் அவர் விடேல்லை. நெத்தி கம்பியிலை அடிபட்டது. நீங்கள் ஓடி வந்து ரெண்டு கையாலையும் அவரின்ரை நெஞ்சிலை தள்ளினியள். அப்பதான் அவரின்ரை கை விட்டுது.

பேந்து நீங்கள் கீழை போய்ப் பார்த்திட்டு வந்து, என்ரை ரத்தத்தைத் துடைச்சு, தொப்பியைப் போட்டு, "சின்னம்மாவிட்டைப் போ. நீ காலமை தொடக்கம் அங்கைதான்" எண்டியள். நான் போனன். எனக்குப் பதினைஞ்சு வயசு. போகச் சொன்னியள், போனன்.

தலைமயிரைச் சுத்திப் பிடிச்சதைச் சொல்லேக்குள்ளைதான் நீங்கள் கத்தத் துவங்கினியள். பொய், பொய், அவள் அங்கை இல்லை எண்டு தமிழிலை. பேந்து பிரெஞ்சிலை. "பொய்க்காரி" எண்டுறதுக்குப் பிரெஞ்சுச் சொல் உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். அதுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படேல்லை. பெரியப்பா தலையைக் குனிஞ்சார். அரசாங்க வக்கீல் எழும்பி, "பெத்த தாயே நீ அங்கை இல்லை எண்டுறா. ரெண்டு வருஷம் ஏன் பேசாமல் இருந்தனி?" எண்டு கேட்டா. நான் நெத்தித் தழும்பைக் காட்டினன். தழும்பிலை திகதி எழுதியிருக்காது எண்டா.

எட்டு வருஷம். என்னை நம்பியிருந்தால் இவ்வளவு குடுத்திருக்கமாட்டினம் எண்டு மர்கரீத் சொன்னா.

அப்பா என்னாலை செத்தவர் எண்டு சனம் சொல்லும் எண்டு பயப்பிடுறியள். அம்மா, அதை ஒவ்வொரு நாளும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன். நீங்கள் மறைச்சதாலை அது இல்லாமல் போகேல்லை. நான் தனிய வைச்சிருக்கவேண்டி வந்தது, அவ்வளவுதான்.

அப்பீலுக்குப் பத்து நாள் தவணை இருக்கு.
மிருணா


மெலானி வீடு
08.06.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்களிட்டை இருந்து ஒரு வரியும் இல்லை. கடைசி நாள் அப்பீலுக்குக் கையெழுத்து வைச்சதா மர்கரீத் சொன்னா. என்ன சொல்லப்போறியள் எண்டு அவவுக்கும் தெரியாதாம். கையெழுத்து வைச்சிட்டு எழும்பிப் போயிட்டியளாம். முழங்காலுக்கு டொக்டர் வந்தவரோ?

வியாழக்கிழமை கடைசி வகுப்பு. ரீச்சர் முதல் நாள் சொன்ன மாதிரி, வருஷம் முழுக்கப் படிச்சதைப் பலகையிலை ஒண்டின் கீழை ஒண்டா எழுதினவா. கப்பல்காரரின்ரை நாட்குறிப்பு, அடிமைப் பெண், மாட்டுக்காரன், முன்னமே இருந்த சனத்தின்ரை பாட்டுகள், நாடகம், கடைசியாக் கொஞ்சம் கவிதை. கவிதை எனக்கு விளங்கவே இல்லை. இலக்கியத்தாலை எங்களுக்கு என்ன வந்தது எண்டு ஒரு பெடியன் கேட்டான். "தெரியாது, உங்களைத்தான் கேக்கிறன்" எண்டா.

ஒவ்வொருத்தரா எழும்பினம். பாதிப் பேருக்கு மாட்டுக்காரன்தான் பிடிச்சிருக்கு. மெலானி நாடகம் எண்டாள். வழக்கைப் பற்றிப் பேப்பரிலை வந்தது, எல்லாருக்கும் தெரியும். என்ரை முறை வரேக்குள்ளை ஒருத்தரும் கதிரையை அசைக்கேல்லை.

நான் அடிமைப் பெண்ணைத்தான் சொன்னன். நவம்பரிலை எனக்கு அவவிலை கோவம், பாதியைச் சொல்லுறா எண்டு. அவவுக்குச் சோறு குடுத்த ஆக்களை நினைச்சுத்தான் மறைச்சவ எண்டு எனக்கு ஒருத்தர் விளங்கப்படுத்தினவ. அது சரிதான். ஆனால் அந்த ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு நான் வருஷம் முழுக்க யோசிச்சுக்கொண்டிருந்தன். அவையும் அந்தப் புத்தகத்தை வாசிச்சிருப்பினம். தங்களை விட்டிட்டு எழுதின பக்கத்தை வாசிச்சிருப்பினம். அவையின்ரை பயத்துக்கு அது ஆறுதலா இருந்திருக்கும். ஆனால் நானும் அங்கை நிண்டனான் எண்டு சாகுமட்டும் ஒருத்தரிட்டையும் சொல்லேலாமல் இருந்திருப்பினம்.

இவ்வளவையும் மெதுவாத்தான் சொன்னன். ரீச்சர் காதுக்குப் பக்கத்திலை கையை வைச்சு, "கடைசி வசனம் கேக்கேல்லை, பலத்துச் சொல்லு" எண்டா. நான் பலத்துச் சொன்னன். "நானும் அங்கை நிண்டனான்."

அவ புத்தகத்தை மூடினா. பேந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டா. எனக்கு அதுதான் நல்லதாப் பட்டுது.

சோதினை பதினாறாம் திகதி துவங்குது. நான் படிக்கிறன். ஒண்டும் மண்டைக்குள்ளை ஏறுதில்லை, எண்டாலும் படிக்கிறன்.

உங்களிலை எனக்குக் கோவம் இருக்கு. எண்டாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.
மிருணா


22.06.2025

என்ரை மிருணாவுக்கு,

அம்மா எழுதுறது. உன்ரை ரெண்டு கடிதமும் ஒரே நாளிலைதான் தந்தவை. முதல் கடிதத்தை வாசிச்சிட்டு ரெண்டாவதை ரெண்டு நாள் தொடேல்லை. சோதினை எப்பிடி எழுதினனி எண்டு கேக்கிற முகம் எனக்கு இல்லை. எண்டாலும் கேக்கிறன்.

அண்டைக்கு உன்னைப் பார்த்துக் கத்தின சொல்லுக்கு என்ன எழுதுறதெண்டு தெரியேல்லை. எழுதிப் பார்த்தன், கிழிச்சுப்போட்டன். உன்ரை முகம் வெளிறினதை நான் கண்டனான். கண்டும் கத்தினன். நீ வாயை மூடினால் காணும், எனக்கு எத்தினை வருஷம் எண்டாலும் பரவாயில்லை எண்டுதான் இருந்தது. நீ அதை ரெண்டு வருஷமா எப்பிடிச் சுமந்தனி எண்டு நான் ஒரு நாளும் யோசிக்கேல்லை. உன்னை வெளியிலை விட்டிட்டன், நீ தப்பீற்றாய் எண்டு நினைச்சுக்கொண்டு இஞ்சை நிம்மதியாப் படுத்தனான்.

போன திங்கட்கிழமை மர்கரீத்தை வரச் சொல்லிச் சொன்னன். நீ அண்டைக்கு வீட்டிலைதான் நிண்டனி எண்டு சொன்னன். பதினாறு வருஷக் கதையையும் சொன்னன், முதல் அடி தொடக்கம். தன்ரை பெட்டியாலை ஒரு பேப்பரை எடுத்தா. செத்த உடம்பைச் சோதிச்ச டொக்டர் எழுதினதாம். அவரின்ரை விரலுக்குள்ளை நீளத் தலைமயிர் இருந்ததாம். நானே எல்லாத்தையும் ஒத்துக்கொண்டபடியாலை அது ஆரின்ரை எண்டு ஒருத்தரும் பார்க்கேல்லையாம். இனிப் பார்க்கச் சொல்லிக் கேக்கப்போறாவாம். உன்ரை எண்டு தெரிஞ்சாலும் விட்டிடுவினம் எண்டு சொல்லேலாதாம், தண்டனை குறையலாமாம். அப்பீல் அடுத்த வருஷம்தான். துஷாந்தி இன்னும் என்னைப் பார்க்க வரேல்லை. அவளும் வந்து உண்மையைச் சொல்லவேணும். வருவாளோ தெரியாது.

நான் தள்ளினன், மகள். அவர் விழவேணும் எண்டுதான் தள்ளினன். சாகவேணும் எண்டில்லை, உன்னை விடவேணும் எண்டு. இதை ஆர் வாசிச்சாலும் வாசிக்கட்டும்.

மர்கரீத்தோடை வந்த மொழிபெயர்க்கிறவர் ஒரு மரியாதையான மனிசன். நான் சொன்னதை அவர் மெல்லமாக்கிச் சொன்ன மாதிரி எனக்குப் பட்டுது. தலைமயிரிலை பிடிச்சு இழுத்ததை, கூட்டிக்கொண்டு போனார் எண்ட மாதிரி எதையோ பிரெஞ்சிலை சொன்னார். அவவின்ரை முகத்திலை ஒண்டும் மாறேல்லை. நான் எழும்பி, என்ரை தலைமயிரை நானே கையிலை சுத்தி இழுத்துக் காட்டினன். அப்பதான் அவ எழுதுறதை நிப்பாட்டிப்போட்டுப் பேனையை வைச்சா.

அடுத்தமுறை அப்பீல் நீதிபதியவைக்கு முன்னாலை நானே சொல்லவேணும். பிள்ளையைத் தலைமயிரிலை பிடிச்சுப் படியாலை இழுத்துக்கொண்டு போறது எண்டுறதுக்குப் பிரெஞ்சிலை என்ன சொல்லுறது? தமிழ் எழுத்திலை எழுதி அனுப்பு. மெல்லமான சொல் வேண்டாம். நான் பாடமாக்கி வைக்கிறன்.

அம்மா